பிறப்பில் வந்த பிழையும் நடுவயதில் நேரும் அழிவும்

தந்தையின் முகச்சாயல் மைந்தனிடத்துத் தோன்றுதலையும், பாட்டியின் குரல் பேத்தியின் வாயிற் பிறத்தலையும் கண்டு நாம் மகிழ்கின்றோம். முன்னோர் விட்டுச்சென்ற காணியையும் வீட்டையும் முதுசொம் எனப் போற்றுகின்றோம். ஆயின் முதுசொமாக வருவன யாவும் நன்மை பயப்பனவல்ல. சில நோய்களும் அவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. காணி வேண்டாதவன் அதனை விற்றுவிடலாம். உடலின் ஒவ்வொரு கலத்திலும் எழுதப்பட்டு வந்ததை விற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அத்தகைய நோய்களுள் ஹண்டிங்டன் நோய் ஒன்றாகும். இக்கட்டுரைக்கு அதனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மூளையை அழிக்கும் பரம்பரை நோய்களுள் இதனைப் போலக் காரணம் ஐயமறத் தெரிந்த நோய்கள் சிலவே. ஒரே பரம்பரையலகு, அதில் ஒரே வகையான பிழை, அப்பிழையின் இடமும் அளவும் இன்று எண்ணிச் சொல்லத்தக்கவை. எனினும் அப்பிழையோடு பிறந்த பிள்ளை மற்றைப் பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடுகின்றது, கல்வி கற்கின்றது, வளர்ந்து தொழில் புரிந்து, மணம் முடித்து, மக்களையும் பெறுகின்றது. பின்னர், பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், மூளையின் ஒரு பகுதியிலுள்ள நரம்புக்கலங்கள் மடியத் தொடங்குகின்றன. கருவுற்ற முதல் நாளிலேயே இருந்த பிழை இத்தனை ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தது? எல்லாக் கலங்களிலும் உள்ள பிழை மூளையின் ஒரு பகுதியை மட்டும் முதலிலே தாக்குவது ஏன்? நெடுங்காலம் விடையின்றி நின்ற இவ்விரு வினாக்களுக்கும் அண்மை ஆண்டுகளிலேதான் விடை துலங்கத் தொடங்கியுள்ளது. அதனை இயன்றவரை எளிதாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராம வைத்தியர் ஒருவரின் கூர்ந்த பார்வை

ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்பார் ஐக்கிய அமெரிக்காவிலே நியூ யோர்க் மாநிலத்து லோங் ஐலண்ட் தீவிலுள்ள ஈஸ்ட் ஹம்ப்டன் என்னும் ஊரில் 1850 ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய பாட்டனும் தந்தையும் அவ்வூரில் வைத்தியத் தொழில் புரிந்தவர்கள். சிறுவராயிருந்தபோது ஒருநாள் தந்தையாருடன் வண்டியிற் சென்றுகொண்டிருக்கையில், மரங்கள் அடர்ந்த பாதையிலே தாயும் மகளுமாகிய இரு பெண்களை அவர் கண்டார். இருவரும் மெலிந்து உயர்ந்த தோற்றத்தினர். இருவருடைய உடலும் வளைந்தும் நெளிந்தும் அசைந்துகொண்டிருந்தன. முகங்கள் கோணி மீண்டன. தந்தையார் வண்டியை நிறுத்தி அவர்களோடு பேசினார். சிறுவரோ வியப்பும் அச்சமும் மேலிட நோக்கினார். அக்காட்சி தம் மனத்தை விட்டு நீங்கவேயில்லை என்று முதுமையில் அவர் கூறியுள்ளார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1871 இல் வைத்தியப் பட்டம் பெற்ற ஹண்டிங்டன், அடுத்த ஆண்டு ஒகையோ மாநிலத்து மிடில்போட் என்னும் ஊரில் வைத்தியர் சபையொன்றின் முன்னிலையில் ஒரு கட்டுரை படித்தார். அது 1872 ஏப்ரிலில் பிலடெல்பியா நகரத்து வைத்திய இதழொன்றில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 22. கட்டுரையின் பெரும்பகுதி சிறுவர்க்கு வரும் பொதுவான வலிப்பசைவு நோயைப் பற்றியது. இறுதியில் உள்ள சில பந்திகளே அவர் பெயரை நிலைநிறுத்தின. அவற்றில் இந்நோயின் இயல்புகளாக மூன்றினை எடுத்துரைத்தார். அது பரம்பரையாக வருவது. மனக்கலக்கத்தையும் தற்கொலை நாட்டத்தையும் விளைப்பது. வளர்ந்தோரிடத்தே கடுமையாக வெளிப்படுவது. இவற்றோடு இன்னும் ஒன்றையும் கூறினார். பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருப்பின் பிள்ளைகளுள் சிலருக்கு அது வரும். ஆனால் நோய் வராது வாழ்நாளை முடித்த பிள்ளையின் சந்ததியாருக்கு அது மீண்டும் வருவதில்லை. இடையிலே இழை அறுந்தால் அறுந்ததுதான்.

பட்டாணிச் செடிகளைக் கொண்டு கிரகர் மெண்டல் கண்ட பரம்பரை விதிகள் 1866 இலேயே அச்சேறியிருந்தன. ஆயினும் அவற்றை உலகம் 1900 வரை பொருட்படுத்தவில்லை. ஹண்டிங்டனும் அவற்றை அறிந்திலர். அறியாமலே, ஆட்சியுடைய பரம்பரையலகு ஒன்றின் போக்கை அவர் பிழையின்றி விவரித்துவிட்டார். நம்மிடத்து ஒவ்வொரு பரம்பரையலகும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டிரண்டாக உள்ளது. இந்நோயில் இரண்டனுள் ஒன்று பழுதாயினும் போதும். ஆதலின் நோயுற்றவரின் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அப்பழுது வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றது இது. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டமையால் அடுத்த பிள்ளைக்கு வராது என்பதில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் காசு புதிதாகவே சுண்டப்படுகின்றது.

இத்துணை நுட்பம் அவருக்கு எங்ஙனம் வாய்த்தது? பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே ஊரில், ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக் குறிப்பெழுதி வைத்ததன் பயன் அது. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்காத நோயை ஒரு குடும்பத்து மூன்று தலைமுறை வைத்தியர் சேர்ந்து கண்டனர் என்பது பொருந்தும்.

மரக்கைபோ ஏரிக்கரை

ஹண்டிங்டனுக்குப் பின் நோயின் பெயர் நூல்களில் இடம்பெற்றதேயன்றி அதன் மூலம் தெரியவில்லை. 1968 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் லெனோர் வெக்ஸ்லர் என்னும் பெண்மணிக்கு இந்நோய் உள்ளதென உறுதியாயிற்று. அவருடைய முன்னாள் கணவர் மில்டன் வெக்ஸ்லர் மனோதத்துவ அறிஞர். அவர்களுக்கு அலிஸ், நான்சி என இரு புதல்வியர். இருவருக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று எனத் தந்தையார் அவர்களிடம் மறையாது கூறினார். கூறியதோடு நில்லாமல், பரம்பரை நோய்களை ஆராய்வதற்கென ஒரு நிறுவனத்தையும் அவ்வாண்டே தொடங்கினார். இளைய புதல்வி நான்சி அப்பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

வெனிசுவேலா நாட்டு மரக்கைபோ ஏரிக்கரையில் வாழும் மீனவர் குடும்பங்கள் பலவற்றில் இந்நோய் மிகுந்திருப்பதை அந்நாட்டு வைத்தியர் அமெரிக்கோ நெக்ரெத்தே 1955 இல் எழுதியிருந்தார். முதலில், தள்ளாடி நடந்த அம்மக்களைக் குடிவெறியர் என்றே அவர் எண்ணினார் என்பர். குடியன்று, நோய் என்பதைப் பின்னரே கண்டார். நான்சி வெக்ஸ்லர் 1979 இல் அவ்விடம் சென்றார். பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஆய்வாளர் குழுவோடு சென்று, வீடு வீடாக உறவுமுறை கேட்டு எழுதினார். அவ்வாறு உருவான குலமுறைப் பட்டியல் பத்துத் தலைமுறைகளையும் 18,000 க்கு மேற்பட்ட மக்களையும் உள்ளடக்கியது. நான்காயிரத்துக்கு மேற்பட்டோர் தம் குருதியை அளித்தனர். அந்நியருக்குக் குருதி தர அஞ்சியோரிடத்து, தம் தாயாரும் இந்நோயினாலேயே இறந்தார் என்பதை நான்சி எடுத்துச் சொன்னார்.

அக்குருதியைக் கொண்டு ஜேம்ஸ் குசெல்லாவும் உடனுழைத்தோரும் 1983 இல் நோய்க்குரிய பரம்பரையலகு நான்காவது நிறமூர்த்தத்தில் இருப்பதைக் கண்டறிந்தனர். தேடல் பல்லாண்டு நீளும் எனப் பலர் கருதியிருக்க, தொடக்கத்திலேயே நற்பேறு வாய்த்தது. ஆயின் நிறமூர்த்தம் தெரிந்தபின் சரியான இடத்தை அடைய மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. 1993 மார்ச்சில், ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 58 பேர் தம் பெயர்களை ஒருங்கே இட்டு அப்பரம்பரையலகைக் கண்ட செய்தியை வெளியிட்டனர்.

எழுத்துப் பிழை

டி.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூறு நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு போன்றது. அவை அடினின், குவானின், சைற்றோசின், தைமின் என்பன; சுருக்கமாக ஏ, ஜி, சி, டி எனப்படும். மும்மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன. ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்க, அவ்வமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதம் உண்டாகின்றது. சி-ஏ-ஜி என்னும் சொல் குளுத்தமின் என்னும் அமினோ அமிலத்துக்குரியது.

ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்தோர், பெயர்த்தெழுதியவர் கைமறந்து ஒரு சொல்லை இருமுறை மும்முறை எழுதிவிட்ட இடங்களைக் கண்டிருப்பர். ஹண்டிங்டன் நோயின் பிழையும் அவ்வகையினதே. ஹண்டிங்டின் என்று பெயரிடப்பட்ட புரதத்துக்குரிய பரம்பரையலகின் தொடக்கத்தில் சி-ஏ-ஜி என்னும் சொல் அடுத்தடுத்து வருகின்றது. நலமுடையோரிடத்தும் அது பலமுறை வருவதுண்டு. பொதுவாக இருபதையொட்டிய எண்ணிக்கை. 26 வரை இருப்பின் தீங்கில்லை. 27 முதல் 35 வரை உள்ளோருக்கு நோய் வருவதில்லையாயினும், அவர்தம் பிள்ளைகளிடத்து எண்ணிக்கை கூடுதல் கூடும். 36 முதல் 39 வரை உள்ளோருள் சிலருக்கு நோய் வரும். சிலர் அது வராமலே முதுமை எய்துவர். 40 அல்லது அதற்கு மேலாயின், வாழ்நாள் போதிய அளவு நீளுமிடத்து நோய் வந்தே தீரும். 60 ஐக் கடந்தால் இளமையிலேயே, இருபது வயதுக்குள்ளாகவே, வெளிப்படுதல் பெரும்பான்மை. எண்ணிக்கை மிக மிக நோய் முந்தும் என்பது விதி. தந்தைவழி வரும்போது எண்ணிக்கை பெருகும் வாய்ப்பு அதிகம். ஆதலின் சில குடும்பங்களில் தந்தைக்கு ஐம்பதில் வந்தது மகனுக்கு முப்பதில் வருகின்றது.

இங்கே மாணவர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஹண்டிங்டின் புரதத்தில் அமினோ அமிலங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. அத்துணை நீண்ட தொடரில் குளுத்தமின் இருபது இருப்பின் வாழ்வு. நாற்பத்திரண்டு இருப்பின் அழிவு. பரம்பரையலகில் நேரும் விகாரம் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதில்லை.

மூளையில் நிகழ்வது

மூளையின் உட்பகுதியில், இருபுறமும் வரியுடல் எனப்படும் இழையம் உள்ளது. அதன் ஒரு பகுதி வாலுருக் கரு எனவும் மற்றொன்று புற்றமென் எனவும் பெயர்பெறும். நாம் ஒரு செயலைச் செய்யும்போது கையைத் தூக்கு, காலை எடுத்துவை என்று ஏவுவது மட்டும் போதாது; வேண்டாத அசைவுகளை அடக்குதலும் வேண்டும். அவ்வடக்கும் பணியில் வரியுடலுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள நரம்புக்கலங்களுள் பெரும்பான்மையானவை முட்கள் போன்ற நுண்கிளைகளை உடையவை. ஹண்டிங்டன் நோயில் முதலில் மடிபவை இவையே. அவற்றுள்ளும் அசைவை அடக்கும் வழியைச் சேர்ந்தவை முந்தி அழிகின்றன. தடுப்பவன் போய்விட, ஏவாத அசைவுகள் தாமே எழுகின்றன. நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நோயின் பழைய பெயர் பிறந்தது இதனாலேயே. காலம் செல்ல மற்றைக் கலங்களும் மடிய, அசைவுகள் குறைந்து உடல் விறைக்கின்றது. இறுதிநிலையில் வாலுருக் கருவின் நரம்புக்கலங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அற்றுப்போகின்றன. மூளையின் மேற்பட்டையும் மெலிகின்றது. சினம், சோர்வு, மறதி, எண்ணத் தளர்ச்சி முதலியன அசைவுகளுக்கு முன்னரே தலைகாட்டுதலும் உண்டு. நோய் தொடங்கியபின் நோயாளர் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் வாழ்வர்.

கலம் மடிவது எவ்வாறு? குளுத்தமின் தொடர் நீண்ட புரதம் தன் இயல்பான வடிவில் மடிந்தமைவதில்லை. அதன் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகின்றன. கலத்தின் கருவினுள் அத்தகைய திரள்கள் இருப்பது 1997 இல் எலிகளிலும் மனித மூளையிலும் காணப்பட்டது. திரள்களே கொலைஞர் என்று முதலில் பலர் எண்ணினர். 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. உயிருள்ள நரம்புக்கலங்களை நாட்கணக்கிற் பின்தொடர்ந்து நோக்கியபோது, திரள் உண்டான கலங்கள் திரள் இல்லாதவற்றிலும் நீடித்து வாழ்ந்தன. திரளாது பரவிக் கிடக்கும் துண்டுகளே கூடிய தீங்கு செய்வன என்றும், திரட்டி ஒதுக்குதல் கலம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகலாம் என்றும் அதனால் அறியப்பட்டது.

அத்துண்டுகள் செய்யும் தீங்குகள் பல. மற்றைப் பரம்பரையலகுகளின் பணியைக் குலைக்கின்றன. கலத்துக்கு ஆற்றல் வழங்கும் இழைமணிகளை நலிவிக்கின்றன. வரியுடற் கலங்கள் உயிர்வாழ்தற்கு மேற்பட்டையிலிருந்து வரும் வளர்ச்சிப் புரதம் ஒன்று தேவை. அதன் வரவையும் குறைக்கின்றன. எனவே பழுதுற்ற கலம் ஒரே அடியில் வீழ்வதில்லை. ஊட்டம் குறைந்து, கழிவு நிறைந்து, ஒழுங்கு தளர்ந்து மடிகின்றது.

நாற்பது ஆண்டுத் தாமதம் ஏன்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பழுதான புரதம் பிறப்பிலிருந்தே உண்டாகின்றது. அதன் நஞ்சு சிறிது சிறிதாகச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளில் கலத்தைக் கொல்கின்றது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து குடம் நிறைவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவ்விளக்கத்தில் அடங்காத செய்திகள் சில சேர்ந்துகொண்டே வந்தன.

முதலாவது, ஒரே மனிதரின் உடலில் சி-ஏ-ஜி எண்ணிக்கை எங்கும் ஒன்றாயிருக்கவில்லை. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தோர் 2003 இல் கண்டது இது: குருதியில் நாற்பதையொட்டிய எண்ணிக்கை உடையவரின் வரியுடற் கலங்கள் சிலவற்றில் அது நூற்றுக்கணக்காகப் பெருகியிருந்தது. இரண்டாவது, ஒரே எண்ணிக்கையுடைய இருவருள் ஒருவருக்கு நோய் முந்தியும் மற்றவருக்குப் பிந்தியும் வருதற்கான காரணத்தை ஆயிரக்கணக்கான நோயாளரிடத்துத் தேடியபோது, 2015 இலும் 2019 இலும் வெளிவந்த ஆய்வுகள் சுட்டிய பரம்பரையலகுகளுள் பல டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் பணியைச் சேர்ந்தவை. மூன்றாவது, குளுத்தமினுக்கு சி-ஏ-ஜி மட்டுமன்றி சி-ஏ-ஏ என்னும் சொல்லும் உண்டு. குளுத்தமின் எண்ணிக்கை ஒன்றாயிருப்பினும், இடையில் சி-ஏ-ஏ கலவாது சி-ஏ-ஜி தொடர்ந்து வருவோருக்கு நோய் முந்துகின்றது. நோயின் காலத்தை நிருணயிப்பது புரதத்தின் நீளம் மட்டுமாயின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை.

இவை மூன்றும் ஒரே திசையைக் காட்டின. திருத்துவோனே பிழையை வளர்க்கின்றான் என்பதே அது. ஒரே சொல் பலமுறை வரும் இடத்தில் டி.என்.ஏ. இழைகள் வழுவிச் சிறு கண்ணியாக மடிதல் எளிது. திருத்தும் புரதங்கள் அக்கண்ணியைக் கண்டு செப்பனிட முற்படுகின்றன. செப்பனிடும்போது மிகுதியான சொல்லைக் களைவதற்குப் பதிலாக அதனை நிலைநிறுத்திவிடுகின்றன. அதனால் தொடர் சிறிது நீள்கின்றது. நீண்ட தொடர் மேலும் எளிதாக வழுவுகின்றது. நரம்புக்கலம் பிரிந்து புதுக்கலமாவதில்லை; வாழ்நாள் முழுதும் அதே கலம். ஆகவே அதன் ஏட்டில் ஏறிய பிழை ஏறியதுதான்.

2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதனை மேலும் தெளிவாக்கியது. இறந்தோர் தானமாக அளித்த மூளைகளிலிருந்து கலங்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் சி-ஏ-ஜி எத்தனை என்றும், அக்கலத்தின் மற்றைப் பரம்பரையலகுகள் எவ்வாறு இயங்கின என்றும் ஒருங்கே அளந்தனர். பிறப்பில் நாற்பதைச் சிறிது கடந்த எண்ணிக்கை, வரியுடலின் முட்கிளைக் கலங்களில் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல ஏறுகின்றது. எண்பதையொட்டியபின் ஏற்றம் விரைவடைகின்றது. நூற்றைம்பதை எட்டும்வரை கலத்தின் ஒழுங்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அதனைக் கடந்தபின்னரே ஒழுங்கு குலைந்து கலம் மடிகின்றது. ஒவ்வொரு கலமும் தன்தன் வேகத்தில் அவ்வெல்லையை அடைவதால், எல்லாம் ஒரே நாளில் மடியாது ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மடிகின்றன. தொடர் மிகுதியாக நீள்வது அவ்வகைக் கலங்களிலாதலால் அழிவும் அங்கேயே முந்துகின்றது.

இம்முடிவின்படி, பிறப்பில் வந்த பிழை கொல்லும் பிழையன்று. கொல்லும் பிழையாக வளரக்கூடிய பிழை. எல்லையை எட்டுவதற்கு முன்னரும் நீண்ட புரதம் ஓரளவு தீங்கு செய்கின்றது என வாதிடும் ஆய்வாளரும் உளர். அவ்வாதம் இன்னும் முடிந்திலது. ஆயினும் தாமதத்திற்கான காரணத்தின் பெரும்பகுதி இதுவே என்பதை மறுப்பது இனி எளிதன்று.

மருந்து தேடும் முயற்சி

இன்று வைத்தியர் கையில் உள்ள மருந்துகள் வேண்டாத அசைவுகளைக் குறைப்பனவும் மனச்சோர்வைத் தணிப்பனவுமே. கலங்கள் மடிவதை அவை தடுப்பதில்லை. பழுதான பரம்பரையலகின் இயக்கத்தை நிறுத்தினால் எலிகளில் நோய்க்குறிகள் பின்வாங்குகின்றன என்பது 2000 ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. இயங்காதிருந்த கலமெல்லாம் இறந்த கலமல்ல என்னும் நற்செய்தி அதில் அடங்கியிருந்தது. ஆனால் நலமான ஹண்டிங்டின் உடலுக்கு இன்றியமையாதது. அது முற்றும் இல்லாத எலிக்குஞ்சு பிறக்குமுன்னரே இறக்கின்றது. எனவே அப்புரதத்தை ஒழித்தலும் ஆகாது, குறைத்தலே வேண்டும்.

அவ்வாறு குறைப்பதற்கெனத் தண்டுவட நீரில் செலுத்தப்பட்ட ஒரு மருந்தின் பெரும் பரிசோதனை, நன்மை காணாமையால் 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நோயுற்ற குடும்பங்கள் பெருநம்பிக்கையோடு எதிர்பார்த்திருந்த மருந்து அது. 2025 செப்டெம்பரில் வேறொரு முறையைப் பற்றிய செய்தி வந்தது. தீங்கற்ற வைரசு ஒன்றின்மூலம் புரதத்தைக் குறைக்கும் கட்டளையை அறுவை முறையால் வரியுடலினுள் நேரே செலுத்துதல் அம்முறை. உயர்ந்த அளவு பெற்ற 12 பேரிடத்து மூன்றாண்டு முடிவில் நோய் முன்னேறும் வேகம் நூற்றுக்கு 75 குறைந்தது என அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை சிறிது, ஒப்பிடப்பட்டதும் உடன்வைத்துச் சோதிக்கப்பட்ட குழுவோடன்று, சிகிச்சை பெறாத பிறரின் பதிவுகளோடு. ஆதலின் இதனைத் தீர்வு என்று கொள்ளாமல் நற்குறி என்று கொள்ளுதலே தகும்.

மேலே கூறிய தாமதத்தின் காரணம் தெரிந்தமையால் வேறொரு வழியும் திறந்துள்ளது. சி-ஏ-ஜி தொடரை நீட்டும் திருத்தப் புரதங்களுள் ஒன்றை அளவோடு அடக்கினால் ஏற்றத்தின் வேகம் குறையும். நாற்பதில் எட்டும் எல்லையை எண்பதில் எட்டுமாறு செய்துவிட்டால், பிழை இருந்தும் நோய் இல்லை. இம்முயற்சி ஆய்வுகூடங்களில் இன்று நடைபெற்று வருகின்றது.

அறிதலும் அறியாதிருத்தலும்

1993 முதல், குருதி சிறிது கொண்டு ஒருவரின் எண்ணிக்கையைத் திட்டமாகச் சொல்லிவிட முடிகின்றது. இருபது வயது இளைஞன் ஒருவன் தனக்கு நோய் வருமா வராதா என்பதை இன்றே அறியலாம். அறிந்தபின் தடுக்க வழியில்லை. இந்நிலையில் அறிதல் நன்றா? பரிசோதனை வசதி நிறைந்த மேலைநாடுகளிலும் இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்தோருள் பெரும்பாலும் ஐவரில் ஒருவரோ அதனினும் குறைந்தோரோதான் அதனை நாடுகின்றனர். மற்றையோரைக் கோழையர் என்றல் தவறு. நம்பிக்கைக்கு இடம்வைத்து வாழ்வதை அவர்கள் தேர்ந்துகொண்டனர். வேறு சிலருக்கோ ஐயமே பெருந்துன்பம். திருமணம், மகப்பேறு, தொழில் ஆகியவற்றை முடிவு செய்தற்கு உண்மை வேண்டும் என்கின்றனர். 1994 இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறைகள் இரு சாராரையும் மதித்தன. பரிசோதனை ஒருவரின் சொந்த விருப்பப்படியே நிகழ்தல் வேண்டும். முன்னும் பின்னும் தக்க ஆலோசனை வழங்கப்படுதல் வேண்டும். நோய்க்குறி இல்லாத சிறாரைப் பெற்றோர் வேண்டினும் சோதித்தல் ஆகாது என்பன அவற்றின் சாரம்.

பிறர் கையில் இவ்வறிவு சேர்ந்தால் என்னாகும் என்பதையும் வரலாறு காட்டியுள்ளது. ஜேர்மனியில் நாற்சி அரசு 1933 இல் இயற்றிய சட்டம், கட்டாய மலடாக்கலுக்கு உரியனவென வகுத்த நோய்களுள் இதனையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. அத்தகைய கொடுமைகளை அறிந்த குடும்பங்கள் நோயை மறைத்து வாழ்ந்ததில் வியப்பில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2008 இல் வந்த சட்டம், பரம்பரையலகுச் செய்தியைக் காட்டித் தொழிலையும் சுகாதாரக் காப்புறுதியையும் மறுத்தலைத் தடை செய்தது. ஆயுட் காப்புறுதிக்கு அப்பாதுகாப்பு இல்லை.

நம்மிடையும் கல்யாணப் பேச்சிலே குடும்ப நோய் விசாரித்தலும், அதற்கஞ்சி நோயாளரை உள்ளறையில் மறைத்தலும் புதியனவல்ல. மறைப்பதனால் பரம்பரையலகு மாறுவதில்லை. நோயாளர் வைத்தியத்தை இழக்கின்றனர். பிள்ளைகள் தாமே முடிவு செய்யும் உரிமையை இழக்கின்றனர். மில்டன் வெக்ஸ்லர் தம் புதல்வியரிடம் உண்மையைக் கூறியிராவிடின் மரக்கைபோவுக்கு நான்சி சென்றிருக்கமாட்டார்.

அந்த நான்சி, தாம் பரிசோதித்துக்கொண்டாரா என்ற வினாவுக்குப் பொதுவெளியில் நெடுங்காலம் விடை சொல்லவில்லை. 2020 மார்ச்சில், தம் 74 ஆம் வயதில், தமக்கும் அந்நோய் உள்ளது என்பதை அறிவித்தார். எவரைக் காக்க வேண்டி அவர் உழைத்தாரோ அவருள் தாமும் ஒருவர் என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது. குருதி அளித்த ஏரிக்கரை மக்களுக்கோ அவ்வுழைப்பின் பயன் இன்னும் உரிய அளவிற் சென்றடையவில்லை. வறுமையும் நாட்டின் குழப்பமும் சூழ்ந்த அவ்வூர்களில் நோயாளருக்குப் போதிய உணவும் பராமரிப்பும் கிட்டுதலே அரிதாயிற்று. நாளை ஒரு மருந்து வருமாயின் அதற்கு முதற்கடன் அவர்களிடத்தே உள்ளது.

திருக்குறளில் ஊழ் என்னும் அதிகாரமும் உண்டு. ஆள்வினையுடைமை என்னும் அதிகாரமும் உண்டு. வள்ளுவர் ஒன்றைக் கூறி மற்றதை விட்டாரல்லர். இந்நோயின் வரலாற்றிலும் அவ்விரண்டும் நிற்கின்றன. நான்காவது நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டு வந்ததை எவரும் தேர்ந்துகொள்ளவில்லை. ஆனால் அவ்வெழுத்துக்கும் அழிவுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அப்பிழையோடு இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞனின் வரியுடற் கலங்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவனுக்கு வேண்டுவது அந்த இடைவெளியை நீட்டித் தரும் மருந்து. அது வரும்வரை அவனை விலக்காத உறவு. மருந்து காண்பது நம் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் மாணவருள் ஒருவர் செய்யத்தக்க பணி. உறவாயிருத்தல் நாம் எல்லோரும் இன்றே செய்யத்தக்கது.